எண் ஓரிடம், சுவிட்ச் ஓரிடம்

ஒரு நெல் மில்லில் முதலில் பொருத்த வேண்டிய டிஜிட்டல் கருவி எது என்று யாராவது கேட்டால் மின்னளவி என்றுதான் சொல்வேன். கமரா, செயற்கை நுண்ணறிவு எல்லாம் அப்புறம். எந்த மோட்டர் எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று தனித்தனியாகத் தெரியாத இடத்தில் வேறு எதைப் பொருத்தியும் பயனில்லை. இலங்கையின் கிழக்கே ஏறாவூர், மட்டக்களப்பு தொடங்கி கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வரை சிறிய தொழிற்சாலைகளில் இதுதான் என் வேலை. கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சென்சரை மாட்டுவேன். அது அளப்பதை ஒரு சின்னப் பெட்டி இணையத்துக்கு அனுப்பும். மாதக் கடைசியில் மில்காரரோடு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் படிப்போம்.

இந்த வேலையில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்றுதான். எண் தெரிகிற இடத்திலேயே சுவிட்சில் கை வைப்பவரும் இருந்தால் கரண்ட், விறகு, தண்ணீர் எல்லாம் மிச்சப்படுகின்றன. எண் ஓரிடத்துக்கும் கை வேறிடத்துக்கும் போய்விட்டால், எவ்வளவு காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும் அறிக்கை எழுதத்தான் உதவும். நிலைபேறான உற்பத்தி, டிஜிட்டல் விநியோகச் சங்கிலி என்று எங்கள் பக்கம் வரும் திட்டங்கள் எல்லாவற்றையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

மில்லில் இருந்தே தொடங்குகிறேன். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. ஆறு மாதம் கழித்து, 2023 பெப்ரவரியில், மறுபடி 66 வீதம். அதுவரை என்னை உள்ளே விடவே யோசித்த மில்காரர்கள் தாங்களாகவே கூப்பிடத் தொடங்கினார்கள். சம்மாந்துறைப் பக்கத்து ஹாஜியார் ஒருவர் பில்லை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது: “தம்பி, உமிய எரிச்சுத்தான் நெல்ல அவிக்கிறம். நெருப்புக்குக் காசில்ல. கரண்டுக்குத்தான் எல்லாம் போகுது.”

அவர் சொன்னது சரி. நெல்லின் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு உமி. புழுங்கல் அரிசி மில்களில் அந்த உமிதான் பொயிலருக்கு எரிபொருள். நெல்லே தன்னை அவிக்கும் நெருப்பையும் கொண்டுவருகிறது. நிலைபேறு என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் மில்கள் செய்துவந்த வேலை அது. ஆனால் கரண்ட் பில்லுக்குள் இருப்பது வேறு உலகம். 42 கேவிஏக்கு (கேவிஏ என்பது மின்சுமையின் அளவு) மேல் மின்னிணைப்பு எடுத்த தொழிற்சாலைக்கு ஒரு நாளில் மூன்று விலை. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல் விலை, அதிலிருந்து இரவு 10.30 வரை உச்ச விலை, பிறகு விடியும்வரை குறைந்த விலை. இதற்கு மேல் கேவிஏ கட்டணம் என்று தனியாக ஒன்று. மாதத்தில் எந்த நேரத்தில் மொத்தச் சுமை மிக உயரத்துக்கு ஏறியதோ அந்த உயரத்துக்குக் கட்ட வேண்டும். மற்ற நாளெல்லாம் சிக்கனமாக இருந்தாலும் அந்த ஒரு பொழுது மாதம் முழுவதற்கும் விலை பேசிவிடும்.

அந்த ஹாஜியாரின் மில்லில் முன்பே ஒரு நிறுவனம் அளவி பொருத்தியிருந்தது. நல்ல அளவிதான். வாரா வாரம் அழகான வரைபடத்தோடு அறிக்கை முதலாளியின் மின்னஞ்சலுக்கு வரும். அவருடைய மகன் எப்போதாவது திறந்து பார்ப்பார். உலர்த்தியின் காற்றாடி, தண்ணீர் பம்பு, உமி நீக்கும் மெசின், அரிசி ஏற்றும் எலிவேட்டர் எல்லாம் ஒரே பொழுதில் ஓடியதால்தான் உச்சம் ஏறியது என்று அந்த வரைபடத்திலேயே தெளிவாக இருந்தது. ஆனால் மோட்டர்களைப் போடுகிற பாஸுக்கு, அதாவது மெசின் பார்க்கும் மேஸ்திரிக்கு, அப்படி ஒரு அறிக்கை இருப்பதே தெரியாது. பில் வழக்கம்போல ஏறிக்கொண்டே போனது.

நாங்கள் செய்ததெல்லாம் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், தூசி புகாத கண்ணாடிக்குப் பின்னால், பெரிய எழுத்தில் மொத்தச் சுமையைக் காட்டும் ஒரு திரையை வைத்ததுதான். குறித்த அளவைத் தாண்டினால் எண் சிவப்பாகும். எதை எப்போது நிறுத்த வேண்டும் என்று நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் பாஸ் தானாகவே ஒரு ஒழுங்கைக் கண்டுபிடித்தார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதை இரவு 10.30க்குப் பிறகு தள்ளினார். உலர்த்தி ஓடும்போது எந்த மெசினை நிறுத்தலாம் என்று அவருக்குத்தான் தெரியும். அந்த மில்லில் நெல் எப்படி நகர்கிறது என்பது என் கணினிக்குத் தெரியாது, அவருடைய காலுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் எலிவேட்டர் வெறுமனே சுற்றுவதைப் பார்த்து நிறுத்தியதும் அவர்தான். கேவிஏயைக் குறைக்க வைத்திருக்கும் கப்பாசிட்டர் பெட்டியில் ஒன்று பழுதாகிக் கிடந்ததையும், அதே திரையில் எண் வழக்கத்துக்கு மாறாக நிற்பதைப் பார்த்துவிட்டு, அவர்தான் போன் எடுத்துச் சொன்னார்.

காற்றாடிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மில்லுக்குள் உமியையும் தவிட்டையும் தூக்கிக்கொண்டு போவது காற்று. அந்தக் காற்றாடிகள் பெரும்பாலும் முழு வேகத்தில் ஓடும், காற்று கூடினால் குழாயில் இருக்கும் தகட்டைக் கொஞ்சம் மூடுவார்கள். மோட்டர் அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக, மோட்டரின் வேகத்தை மாற்றும் இன்வேட்டர் போட்டு அந்த வேகத்தையே குறைத்தால் நடப்பது நம்புவதற்குக் கஷ்டமான விஷயம். காற்றாடிக்குத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக மாறும். வேகத்தை 80 வீதமாக்கினால் சக்தி கிட்டத்தட்ட 51 வீதமாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால் கரண்டில் பாதி திரும்பி வருகிறது. உமி நீக்கும் மெசினில் இந்தக் கணக்கு செல்லாது, காற்றாடியிலும் பம்பிலும் மட்டும்தான். இது தெரியாமல் எல்லா மோட்டருக்கும் இன்வேட்டர் விற்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கலர் சோட்டர். கறுத்த அரிசியைக் கமரா கண்டுபிடிக்கும், சுருக்கென்று ஒரு காற்று அடித்து அதை வெளியே தள்ளும். இந்தப் பக்கத்து மில்களில் இருக்கும் மெசின்களிலேயே மிகப் புத்திசாலியான மெசின் அதுதான். ஆனால் அதற்குக் காற்றுக் கொடுக்கும் கொம்பிரசர் மூலையில் கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அழுத்தக் காற்றில் 20 முதல் 30 வீதம் வரை கசிவிலேயே போய்விடுவது தொழிற்சாலைகளில் சாதாரணம். கண்டுபிடிப்பது மிக எளிது: வேலை முடிந்து எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் கொம்பிரசர் இடைக்கிடை எழுந்து ஓடுகிறதா என்று அளவியில் பார்த்தால் போதும். ஓடினால் எங்கோ குழாய் கசிகிறது. சவர்க்கார நுரையைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கருவி ஒன்றுக்கும் காசு தேவையில்லை.

ஈரப்பதனில் இந்தக் கதை மில்லின் வாசலைத் தாண்டி வயலுக்குப் போகிறது. வெட்டும் மெசின் வந்த பிறகு நெல் வயலில் காயும் நாட்கள் இல்லாமல் போய்விட்டன. 22 வீத ஈரத்தோடு வரும் நெல்லை, அரசாங்கம் கொள்வனவுக்குக் கேட்கும் 14 வீதத்துக்குக் கொண்டுவர, 100 கிலோவுக்கு 9 கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அவித்த நெல்லில் ஈரம் 35 வீதம் வரை போகும், அதைக் காயவைக்க 24 கிலோ தண்ணீர் போக வேண்டும். வெயிலில் காயவைத்தால் செலவில்லை. பெரும்போக அறுவடை நேரத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் அத்தனையும் உமியும் கரண்டும்தான். உலர்த்தியில் ஈரம் காட்டும் சென்சர் இருந்தால் 14இல் நிறுத்தலாம். இல்லாவிட்டால் பயத்தில் 12 வரை காயவைத்து எரிபொருளையும் வீணாக்கி, மில்லில் அரிசியையும் உடைத்துக் குருணலாக்குவார்கள்.

சரி, அந்த ஈரத்தை வாங்கும் இடத்தில் யார் அளக்கிறார்கள்? வாங்குபவர். திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது? வாங்குபவர் பக்கம். நெல்லை விற்க வரும் போடியாருக்குக் கடைசியில் தெரிவது, ஈரத்துக்கென்று மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்பது மட்டும். தன் நெல் 15இல் இருந்ததா 19இல் இருந்ததா என்று தெரியாதவர் இன்னொரு நாள் காயவைத்துக் கொண்டுவரலாமே என்று எப்படி முடிவெடுப்பார்? கையடக்க ஈரமானி ஒன்றை நாலைந்து விவசாயிகள் சேர்ந்து வாங்கி வைத்திருக்கும் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே பேச்சு வேறு மாதிரி நடக்கிறது. “எங்கட மீற்றர் பதினஞ்சு காட்டுது முதலாளி” என்று சொல்லிக்கொண்டே மூடையை இறக்குகிறார்கள். சங்கிலியின் அடியில் இருப்பவர் கையில் ஒரு எண் இருப்பதன் பெறுமதி அவ்வளவு.

வயலுக்குள் இறங்கினால் விஷயம் சிக்கலாகிறது. தண்ணீர் தேங்கி நிற்கும் வயல் மண்ணில் காற்று இல்லாததால் நுண்ணுயிர்கள் பூமியைச் சூடாக்கும் மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. அரிசி விநியோகச் சங்கிலியின் வெப்பவாயுக் கணக்கில் பெரும்பகுதி மில்லில் இல்லை, லொறியில் இல்லை, இந்தச் சேற்றில்தான் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை ஒன்று உண்டு. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு பாய்ச்சுவது. பூக்கும் நேரத்தில் வயலில் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்க வேண்டும். சரியாகச் செய்தால் மீதேன் 30 முதல் 50 வீதம் வரை குறையும், விளைச்சல் குறையாது. இப்போது அந்தக் குழாயில் சென்சரை வைத்து, மட்டத்தைப் போனுக்கு அனுப்பும் கருவிகளும் வந்துவிட்டன.

ஆனால் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிக்கு, “இன்று பாய்ச்சு” என்று போன் சொன்னால் அவர் என்ன செய்வார்? தண்ணீர் முறைப்படி வருகிறது. எந்தத் திகதியில் திறப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் போகத்துக்கு முன்பே ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகிவிடும். வாய்க்காலில் முறை பார்ப்பவர் வட்டவிதானை. வயலில் இருக்கும் எண்ணும் மதகில் இருக்கும் கையும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கின்றன. இனி எப்போது தண்ணீர் வருமோ என்ற பயத்தில், வரும்போது வயலை நிரப்பி வைத்துக்கொள்வதுதான் விவசாயிக்குப் புத்தியான காரியம். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சென்சர் திட்டத்தோடு வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஐம்பது விவசாயிகளின் போனுக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒரே வாய்க்காலின் மட்டங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு படத்தை அந்த வட்டவிதானையின் போனுக்கு அனுப்புங்கள். மதகு அவர் கையில் இருக்கிறது. அடுத்த ஆரம்பக் கூட்டத்தில் அந்தப் படத்தை முன்னால் வைத்துப் பேசினால் முறையின் நாட்களையே மாற்றலாம்.

ஆடைத் தொழிற்சாலைகளின் கதைக்கு வருகிறேன். இங்கே கணக்குக் கேட்பது கடல் கடந்து இருப்பவர்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் வெப்பவாயுக் கணக்கை மூன்று வகையாகப் பிரித்து எழுதுகின்றன. மூன்றாவது வகை தங்கள் விநியோகச் சங்கிலியில் வெளியாவது. அதற்கான பொது முறை 2011இல் வந்தது. ஐரோப்பாவில் ஒரு கடைக்காரர் எழுதும் மூன்றாவது வகைக் கணக்கு, இங்கே ஒரு தொழிற்சாலையின் கரண்ட் பில்லும் டீசல் பில்லும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய உற்பத்திப் பொருள் சட்டம் 2024 ஜூலை 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் பல வகைப் பொருள்களுக்குப் படிப்படியாக டிஜிட்டல் கடவுச்சீட்டு வரப்போகிறது. ஒரு சட்டையில் இருக்கும் குறியைப் போனால் படித்தால் நூல் எது, சாயம் எது, எங்கே தைத்தது என்பது போன்ற விவரங்கள் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். 2025 ஏப்ரலில் வெளியிட்ட வேலைத்திட்டத்தில் ஆடைகளை முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

இதில் எங்கள் மாவட்டம் பின்னால் நிற்கவில்லை. மட்டக்களப்பில் இருக்கும் பிராண்டிக்ஸ் தொழிற்சாலை 2019இல் நிகர சுழிய கார்பன் சான்று பெற்ற உலகின் முதல் ஆடைத் தொழிற்சாலை என்ற பெயரைப் பெற்றது. அதை நினைக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் வேலை செய்யும் இடம் அது. ஆனால் பெரிய தொழிற்சாலைக்கு அதற்கென்று தனிப் பிரிவு இருக்கும். அதற்குக் கீழே துணை வேலை எடுத்துச் செய்யும் சின்னத் தையல் கூடத்தில் கணக்கெழுதுபவர் ஒருவர்தான், அவரேதான் சம்பளமும் போடுவார், அவரேதான் ஒவ்வொரு வாங்குநரின் இணையப் படிவத்திலும் அதே எண்ணைத் திரும்பத் திரும்ப நிரப்புவார்.

அப்படி ஒரு கூடத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் டப்லெட் மாட்டியிருந்தார்கள். மணிக்கு எத்தனை உருப்படி என்று காட்டும், குறைந்தால் சிவப்பு. தைக்கும் பிள்ளைகளின் வேகத்தை அளக்க அவ்வளவு கருவி, அயர்ன் அறையில் நாள் முழுக்கக் கசியும் நீராவியை அளக்க ஒன்றும் இல்லை. எதை அளப்பது என்பதிலேயே யார்மேல் பாரத்தைப் போடுகிறோம் என்பது இருக்கிறது. அதே கூடத்தில் பழைய கிளச் மோட்டர் தையல் மெசின்களைக் கழற்றிச் சேர்வோ மோட்டர் போட்டார்கள். பழையது பெடலை மிதிக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கும், சேர்வோ மிதித்தால் மட்டும் சுற்றும். அதற்குத் திரையே தேவைப்படவில்லை. சுவிட்ச் பிள்ளையின் காலடியிலேயே இருக்கிறது. கூடத்தில் இரைச்சலும் சூடும் குறைந்தன. “இப்பதான் பக்கத்தில இருக்கிறவ கதைக்கிறது கேக்குது” என்று ஒரு தங்கச்சி சொன்னாள்.

கடல் பக்கத்தில் எண் மேலே மட்டும் போன கதை ஏற்கெனவே நடந்திருக்கிறது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. 2016 ஜூனில் நீங்கியது. இடையில் ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளில் செய்மதி வழியாக இருப்பிடம் காட்டும் கருவிகள் ஏறின. பிடித்த மீனைப் பதியும் புத்தகம் கட்டாயமானது. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து போகும் படகுகளிலும் அந்தக் கருவி உண்டு. சந்தை திரும்பக் கிடைத்தது, அது பெரிய விஷயம். ஆனால் அந்தப் படகு எந்த வேகத்தில் போனால் டீசல் குறையும் என்று மீனவருக்கு அந்தப் பதிவிலிருந்தே எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்கலாம். கருவிதான் ஏற்கெனவே படகில் இருக்கிறதே.

கடைசியாக மருதமுனை. தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. கைத்தறிக்குக் கரண்ட் வேண்டாம். ஒரு சாரனை நெய்ய மனிதக் கையும் காலும் போதும். இதைவிடக் குறைந்த கார்பனில் துணி நெய்ய வழி ஏது? இருந்தும் டிஜிட்டல் கடவுச்சீட்டு உலகத்தில் அந்தத் துணிக்குப் பெயர் இல்லை. உண்மையான கணக்கு இல்லாத பொருளுக்கு, அந்தத் துறையின் சராசரியைப் போட்டு எழுதிவிடுவது வழக்கம். ஆலைத் துணிக்கு என்ன எண்ணோ அதுவே கைத்தறிக்கும். கரண்டே தொடாமல் நெய்த பெண்ணின் கணக்கில் யாரோ எரித்த நிலக்கரி ஏறிவிடுகிறது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அதனால் அங்கே நெசவு செய்யும் ஒரு அக்காவோடு சேர்ந்து ஒரு கணக்கு எழுதத் தொடங்கியிருக்கிறோம். மென்பொருள் ஒன்றும் இல்லை. நூல் கட்டின் சீட்டையும் சாயப் பொட்டலத்தையும் போனில் படம் எடுக்கிறார். அந்த நூலில் நெய்த துணிகளுக்கு ஒரே இலக்கம் போடுகிறார். விறகின் எடையையும் எத்தனை வாளித் தண்ணீர் என்பதையும் கொப்பியில் எழுதுகிறார். நூல் இந்தியாவிலிருந்து வருகிறது, அதன் கணக்கை நாங்கள் இங்கிருந்து எழுத முடியாது, ஆனால் கட்டின் சீட்டு கையில் இருந்தால் கேட்கலாம். தகவல் முழுவதும் அவருடைய போனில்தான் இருக்கும். கேட்கிற வியாபாரிக்கு, விலை பேசும்போது, அவர் கொடுப்பார்.

கைத்தறியில் கார்பனும் கழிவும் இருப்பது சாயத் தொட்டியில். கொதிநிலைக்குப் போகத் தேவையில்லாத சாயத்தைக்கூட, சூடு தெரியாததால், கொதிக்கவிட்டு விறகைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தண்ணீர் போய்ச் சேர்வதும் கிணறுகள் ஆழமில்லாத மணல் நிலத்தில். தொட்டியில் ஒரு வெப்பச் சென்சரையும் அடுப்புக்கு நேரே சுவரில் ஒரு எண் பலகையையும் வைத்தால், வேண்டிய சூடு வந்ததும் அக்காவே விறகை வெளியே இழுத்துவிடுவார். டிஎஸ்18பி20 என்ற மலிவான சென்சரை வைத்துப் பார்த்தோம். எண் சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் உப்பும் சோடாவும் கலந்த சூட்டில் கம்பி உள்ளே நுழையும் இடம் சீக்கிரம் பழுதாகிறது. தொட்டிக்கு வெளியே உலோகத்தில் ஒட்டி அளந்தால் எவ்வளவு பிந்திக் காட்டும் என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். சாயப் பட்டறையில் இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்த உறை தாங்கியது என்று எழுதுங்கள்.